பச்சையைத் தாண்டிய முள்

என் இடது கையில் இரண்டு விரல்கள் முழுதாக மடங்காது. சண்டையில் உடைந்ததா என்று கேட்பவர்களிடம் ஆமாம் என்று சொல்லிவிடுவேன். கார் கேம் விளையாடும்போது உடைந்தது என்று சொன்னால் எவன் நம்புவான்?

அப்பா போன பிறகு லாரி அண்ணன் கைக்கு வந்தது. நான் அவருக்குக் கிளீனர். பிறகு எனக்கும் ஓட்டப் பழக்கினார். பழக்கினார் என்பது மரியாதைக்குச் சொல்கிற வார்த்தை. நான் ஓட்டும்போது என் இடப்பக்கம் உட்கார்ந்திருப்பார். மடியில் டயர் தட்டும் கட்டை இருக்கும். காற்று இறங்கிய டயரைத் தட்டினால் சத்தம் மாறும், அதற்காக எல்லா லாரியிலும் ஒரு கட்டை கிடக்கும். எங்கள் வண்டியில் அது டயரைத் தட்டியதைவிட என்னைத் தட்டியதுதான் அதிகம்.

எஞ்சின் சுற்றும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் மீட்டரில் பச்சையாக ஒரு பட்டை உண்டு. முள் அதற்குள் நிற்கும்வரை வண்டி டீசலை மிச்சம் பிடித்து நன்றாக இழுக்கும். பச்சையைத் தாண்டினால் அண்ணனுக்குக் கோபம் தலைக்கு ஏறிவிடும். கியர் கம்பியைப் பிடித்திருக்கும் என் விரல் முட்டியில் கட்டை இறங்கும்.

“எஞ்சின் போச்சுன்னா உங்கொப்பனா வந்து வேலை செஞ்சு குடுப்பான்?” என்பார். என் அப்பன்தான் அவருக்கும் அப்பன் என்பது அந்த நேரத்தில் அவருக்கு நினைவிருக்காது.

தொப்பூர் மேட்டில் ஒரு தடவை பாரத்தோடு ஏறும்போது கியர் மாற்றத் தாமதித்துவிட்டேன். அடித்த அடியில் நகம் பிளந்து கம்பியின் குமிழெல்லாம் ரத்தம். “தொடச்சுட்டு ஓட்டு. பின்னால வண்டி நிக்குது பாரு” என்றார். துடைத்துவிட்டு ஓட்டினேன். அன்றைக்குச் சரக்கு இறக்கிய இடத்திலேயே சாவியை சீட்டில் போட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டேன். கூடப் பிறந்தவன் அடித்தால் மட்டும் வலிக்காமலா இருக்கும்.

நாமக்கல்லில் ஒரு மாடியறையில் கேம் கடை போட்டேன். ஸ்டீயரிங், பெடல், இடது பக்கம் கியர் கம்பி என்று நிஜ வண்டி போலவே பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சீட். அதில் ஒரு ரேஸ் கேம். காரைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் எஞ்சின் கிராஃப் திரையில் வரும். கீழே ஆர்பிஎம், மேலே இரண்டு கோடுகள். டார்க் என்கிற இழுவைக் கோடு சீக்கிரம் ஏறி, சீக்கிரம் தளர்ந்து இறங்கும். பவர் கோடு அதன் பிறகும் ஏறிக்கொண்டே போய், எஞ்சின் தாங்கும் எல்லையைக் காட்டும் சிவப்புக்குப் பக்கத்தில்தான் உச்சிக்கு வரும்.

அந்தக் கிராஃபை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணனின் பச்சைப் பட்டை டார்க் கோட்டின் உச்சி. பாரம் இழுக்கிறவனுக்கு அது சரி. ரேஸ் ஓட்டுகிறவன் அங்கே கியர் மாற்றினால் முள் சரிந்து, பவர் இல்லாத இடத்தில் போய் விழும். வண்டி சவசவ என்று போகும். பவர் உச்சியைத் தாண்டும்வரை அதே கியரில் பிடித்து வைத்து மாற்றினால் அடுத்த கியரிலும் முள் உச்சிக்குப் பக்கத்திலேயே விழும். இது எனக்குப் புரிந்துவிட்டது. கைக்குப் புரியவில்லை. முள் பாதி ஏறியதுமே விரல்கள் கூசும், கை தானாகக் கியரை மாற்றிவிடும். பக்கத்தில் யாருமே இருக்க மாட்டார்கள். கடைக்கு வந்த பள்ளிக்கூடப் பையன்களிடமெல்லாம் தோற்றேன். ஆத்திரத்தில் ஒரு நாள் ஸ்டீயரிங்கையே குத்தினேன்.

ஆயுத பூஜை அன்று மத்தியானம் அண்ணன் வந்தார். கடையை மூடிவிட்டு ஸ்டீயரிங்குகளுக்குச் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தேன். வண்டிக்குப் பூஜை போட்ட கையோடு வந்திருந்தார். கையில் அந்தக் கட்டை. அதற்கும் குங்குமம் வைத்திருந்தார். என்னை அடித்த கட்டைக்குப் பூஜை நடந்திருக்கிறது.

“டிரைவர் நின்னுட்டான். நாளைக்கு லோடு இருக்குது. வண்டிக்கு வந்துருடா.”

“நான் வர்லீங்ண்ணா.”

கடையைச் சுற்றிப் பார்த்தார். “இந்தப் பொம்மை வண்டிக்காவா? உனக்கு இதையாவது ஓட்டத் தெரியுமா?” இடது பக்க சீட்டில் உட்கார்ந்தார். “போடு. நான் ஜெயிச்சா நாளைக்கு நீ வண்டியில இருக்கோணும். தோத்தா இனி உன்னைக் கூப்புட மாட்டேன்.”

வேண்டாம் என்று எழுந்து போயிருக்கலாம். போனால் நாளைக்கும் வருவார், நாளன்றைக்கும் வருவார். வலது சீட்டில் உட்கார்ந்தேன். இரண்டு பேருக்கும் ஒரே கார். கட்டையை எங்கள் இருவருக்கும் நடுவில் சாய்த்து வைத்தார்.

திருப்பங்களில் அண்ணனை மிஞ்ச முடியாது. ஒரு வளைவில்கூட உரசாமல், லாரியின் பச்சைக் கணக்கிலேயே மாற்றி மாற்றி எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். நானும் பச்சையிலேதான் மாற்றினேன். கை கேட்டால்தானே. கடைசியில் ஒரே மேடு, நேர் ரோடு. இப்படியே போனால் நாளைக்கு அந்தக் கேபினில், அந்த சீட்டில், அவருக்கு வலப்பக்கம் நான். கியர் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஆக்சிலேட்டரை மிதித்தேன். முள் பச்சை இருக்கவேண்டிய இடத்தைத் தாண்டியது. எஞ்சின் அலறியது.

“மாத்துடா” என்றார் அண்ணன்.

மாற்றவில்லை. அவர் காரை நெருங்கினேன்.

“எஞ்சின் கத்துது, காது கேக்கலியா? மாத்துடா.”

அடுத்த நொடி கட்டை என் விரல்மேல் விழுந்தது. ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு அடித்திருக்கிறார். உயிர் போகிற வலி. என் பார்வை முள்ளிலேயே இருந்தது, அது இன்னும் உச்சிக்கு வரவில்லை. இரண்டாவது அடியில் உள்ளே ஏதோ நொறுங்கியது எனக்கே கேட்டது. திரையில் அவர் கார் தடுப்புச் சுவரில் மோதிக் கவிழ்ந்தது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் கையையே அடித்துக்கொண்டிருந்தார். முள் உச்சியைத் தாண்டிய பிறகுதான், உடைந்த விரல்களோடு, அடுத்த கியருக்குத் தள்ளினேன். கார் பாய்ந்து எல்லைக்கோட்டைக் கடந்தது.

அப்புறம் கட்டையைப் பிடுங்கினேன். எழுந்து நின்று அவர் தோளில் ஓங்கி ஒன்று போட்டேன். சுகமாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். இன்னொன்றுக்கும் ஓங்கினேன். அவர் தடுக்கவில்லை, தோளைத் தடவக்கூட இல்லை. என் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கியது அவருக்கு.

“எஞ்சின் போயிருச்சாடா?” என்றார், நிஜமாகவே பயந்துபோய்.

என் இடது கையை அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன். எது குங்குமம், எது ரத்தம் என்று தெரியவில்லை. இரண்டு விரல்கள் பக்கவாட்டில் திரும்பியிருந்தன.

“எஞ்சினுக்கு ஒண்ணும் ஆவலீங்ண்ணா” என்றேன்.