மேல்பக்கத்துச் சுவர்

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு கட்டட அலுவலகத்தில் லாசரஸ் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தார். படம் அவர் வரைவது, கையெழுத்து முதலாளியுடையது.

எண்ணெய் விலை எகிறிய 1974இல் பூன் லேயில் கட்டவிருந்த ஒரு பள்ளியின் படம் அவர் மேசைக்கு வந்தது. மின்விசிறி சுழலாமலே பிள்ளைகள் வேர்க்காமல் படிக்க முடியும் என்று அவர் கணக்குப் போட்டார். நீளமான சுவர்கள் வடக்கையும் தெற்கையும் பார்த்து நிற்கும். தாழ்ந்த ஜன்னல் வழியே காற்று நுழையும். சூடேறிய காற்று வெளியேற, ஒவ்வொரு அறையிலும் கூரைக்கடியில் வரிசையாகத் துளைகள். அவர் வாழ்நாளில் தன்னுடையது என்று நினைத்த கட்டடம் அது ஒன்றுதான்.

கட்டுமானம் பாதியில் இருக்கும்போது, மேற்குச் சுவரில் ஒரு ஜன்னலை விட்டுவைத்தது அவருக்கு உறுத்தியது. பிற்பகல் வெயில் நேராக உள்ளே விழும். படத்தைத் திருத்தி அனுப்ப ஒரு மாதமாகும் என்பதால் மேஸ்திரி கோவிந்தசாமியைத் தொலைபேசியில் கூப்பிட்டு, மேல்பக்கம் திறப்பே வேண்டாம், அடைத்துவிடுங்கள் என்றார்.

இரண்டு வாரம் கழித்துப் போனார். கூரைக்கடியில் இருந்த துளைகள் அத்தனையும் செங்கல் வைத்துப் பூசப்பட்டிருந்தன. மேற்கு ஜன்னல் மட்டும் அப்படியே இருந்தது.

"மேல்பக்கம்னுதானே சொன்னீங்க?" என்றார் கோவிந்தசாமி.

"எங்க ஊர்ல மேல்பக்கம்னா மேற்கு."

"உங்க திருநெல்வேலியில சரி. நான் இங்க பொறந்தவன். எனக்கு மேலன்னா மேலதான் லா."

இருவரும் சிரித்தார்கள். அந்தக் கட்டடத்தில் லாசரஸ் சிரித்தது அதுதான் கடைசி.

உடைத்துத் திறந்தால் திறப்பு விழா தள்ளிப்போகும் என்றார் முதலாளி. மின்விசிறி மாட்டினால் போதுமாம். குளிர்சாதன அறையிலிருந்து அதைச் சொல்ல அவருக்கு வெட்கமாக இல்லை. ஆனால் தவறுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. கோவிந்தசாமியின் வேலை போய்விடும் என்று தெரிந்ததும், தவறு என்னுடையது என்று லாசரஸ் எழுதிக் கொடுத்தார். அன்றிலிருந்து அவருக்குக் கழிப்பறைப் படமும் சாக்கடைப் படமும்தான். ஆண்டுக்கு ஒரு கடிதம், துளைகளைத் திறக்கச் சொல்லி, பள்ளிக்கு அனுப்பினார். பதிலே வரவில்லை.

1981இல் அவர் மனைவி பிலோமினம்மாள் அந்தப் பள்ளிக்கே தமிழாசிரியையாக மாற்றலானார். தமிழ் வகுப்புக்கு ஒதுக்கியிருந்தது மேல்மாடியில், மேற்குக் கோடி அறை. யாருக்கும் வேண்டாத அறை தமிழுக்கு வந்து சேர்வதை யாரும் தற்செயல் என்று என்னிடம் சொல்ல வேண்டாம். எந்த அறை என்று அவர் கணவரிடம் சொல்லவே இல்லை. ஆனாலும் வேர்வை உப்புப் பூத்த ரவிக்கையைத் துவைக்கப் போடும்போது லாசரஸ் பார்த்துவிட்டார்.

"கோடி அறையா?"

"இல்லீங்க. பஸ்ஸுல கூட்டம்."

அவர் அடுத்த நாள் கடிதம் எழுதினார், அந்த ஆண்டின் இரண்டாவது கடிதம்.

1986இல் லாசரஸ் மாரடைப்பில் இறந்தார். மறு ஆண்டு ஒருநாள், பள்ளித் தாழ்வாரத்தில் சுவர் உடைக்கும் சத்தம் கேட்டு பிலோமினம்மாள் வெளியே ஓடிவந்தார். தலைமையாசிரியர் அறையில், கூரைக்கடியில், அவர் கணவர் வரைந்த அதே இடத்தில் செங்கல் விழுந்துகொண்டிருந்தது. அந்த ஓட்டையில் குளிர்சாதனப் பெட்டியை ஏற்றினார்கள். அதன் வெக்கை தாழ்வாரத்தில் பிள்ளைகள் முகத்தில் அடித்தது.

அப்படியே தன் வகுப்பிலும் ஓர் ஓட்டை போட்டுத் தரும்படி அவர் வேலையாளிடம் கேட்டார். பெட்டி எங்கே என்றான் அவன். பெட்டி வேண்டாம், ஓட்டை போதும் என்றார்.

வெறும் ஓட்டைக்கு அனுமதிச் சீட்டு இல்லையாம்.