கேட்டு வரைக்கும் தூக்கி வந்த கோல்

கம்பெனி டீமில் கால்பந்து ஆடிப் பிழைக்கிறவனுக்கு ஆட்டம்தான் சொந்தம், கால் கம்பெனியுடையது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் என்னைப்போல் காலைக் காட்டி வேலைக்குச் சேர்ந்தவர்கள் இதைப் படித்தால் சிரிக்க மாட்டார்கள்.

மூணு மணிக்காரன்

பொன்னேரியில் நான் ஆடுவதைப் பார்த்துத்தான் ஒரு இரும்புக் கம்பி கம்பெனி என்னை கான்ட்ராக்டில் எடுத்தது. டீம் ஆட்கள் ஷிஃப்டு நடுவிலேயே மூன்று மணிக்குப் பயிற்சிக்குப் போய்விடலாம். அதன்பின் உலை முன்னால் என் வேலையையும் சேர்த்துச் செய்தவர் முனுசாமி அண்ணன். என்னிடம் பேசவே மாட்டார். எனக்குக் கேட்கிற மாதிரி பக்கத்து ஆளிடம் சொல்வார்: "தொர பந்து ஒதைக்கப் போறாரு, நாம இங்க வெந்துக்கினு கெடக்கணும்."

ஊசி

கம்பெனிகளுக்குள் நடக்கும் கோப்பை. ஃபைனல் எங்கள் கம்பெனியை ஒட்டிய கிரவுண்டில். ஜெயித்தால் டீமில் எல்லாரும் பர்மனென்ட் என்றார் மேனேஜர். எனக்கோ முழங்கால் வீங்கிக் கிடந்தது. கம்பெனி டாக்டர் முட்டியில் ஊசி போட்டார். வலி போனது, கால் வேறு யாருடையதோ போல இருந்தது.

ஓடினேன். ஜெயித்த கோல் என்னுடையது. முதலில் ஓடிவந்து என்னைத் தோளில் தூக்கியவர் முனுசாமி அண்ணன்தான். "டேய், எறங்காத! கம்பெனி கேட்டு வரைக்கும் இப்டியேதான்!"

மெடிக்கல்

பர்மனென்டுக்கு உடல் பரிசோதனை. அதே டாக்டர். உட்கார்ந்து எழுந்திருக்கச் சொன்னார். உட்கார்ந்தேன். எழ முடியவில்லை. மற்ற எல்லாரும் தேறிவிட்டார்கள்.

"சார், நீங்க போட்ட ஊசிதானே?" என்றேன்.

கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "ஊசி ஆட்டத்துக்குப் போட்டதுப்பா. இது வேலைக்கு."

கேட்டு

கான்ட்ராக்டும் போனபின் எங்கெங்கோ கூலிக்குப் போய்விட்டு, ஐம்பது தாண்டியபின் அதே கம்பெனி வாசலில் ஏஜென்சி செக்யூரிட்டியாக உட்கார்ந்திருக்கிறேன். கிரவுண்டில் லாரிகள் நிற்கின்றன. அன்று ஊசி வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே என்று தினமும் நினைக்கிறேன். சொல்லியிருப்பேனா என்று கேட்டால், ஒரு நாளும் ஆமாம் என்று பதில் வரவில்லை.

போன மாதம் முனுசாமி அண்ணன் ரிடையர் ஆனார். கழுத்தில் மாலையோடு என் நாற்காலி பக்கம் வந்து நின்றார். என் முட்டியைப் பார்த்தார். "அன்னிக்கு இதே கேட்டாண்டதான்டா உன்ன எறக்கி வுட்டேன். நீ இன்னும் உள்ள போவவே இல்லியே, நைனா!"

எங்கள் கோப்பை மட்டும் ஆபீஸ் கண்ணாடி அலமாரியில் பர்மனென்டாக இருக்கிறது. அதை யாரும் உட்கார்ந்து எழுந்திருக்கச் சொல்லவில்லை.