சோதனை அறைத் தலையாட்டி

நாற்காலியை ஏற்றி இறக்கிப் பார்க்கிறாள். திரையைத் துப்பட்டா நுனியால் துடைக்கிறாள். சோதனைக்கு வந்தவரை உட்காரவைத்து, "இது பரீட்சை இல்லீங்க, பயப்படாதீங்க. நீங்க தப்பு பண்ணாலும் எங்களுக்கு லாபம்தான்" என்கிறாள். வந்தவர் சிரித்துவிடுகிறார். மனிதர்களின் கவனத்தை ஆராயும் அந்தக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில், வாரம் மூன்று மதியம் சம்பளமில்லாமல் வேலை பார்க்கும் இரண்டாம் ஆண்டு மாணவி அவள்.

சோதனை எளிது. திரையில் ஒரு தெருவின் படம் வந்து மறையும். மறுபடி வரும்போது அதில் ஏதோ ஒன்று மாறியிருக்கும்: ஒரு ஜன்னல் காணாமல் போயிருக்கும், சைக்கிளின் நிறம் வேறாகியிருக்கும். மாறிய இடத்தை விரலால் தொட வேண்டும். அவள் எதிரே உட்கார்ந்து நேரம் குறிப்பாள். முகத்தில் எதையும் காட்டக் கூடாது என்பது அங்கே முதல் விதி.

அவளுக்கு வாய்த்ததோ எதையும் ஒளிக்கத் தெரியாத முகம். யாராவது ஊசியில் நூல் கோத்தால் இவள் உதடு குவியும். "எங்கம்மா சீட்டாடும்போது என்னைப் பக்கத்துலயே விட மாட்டாங்க" என்று அவளே சொல்கிறாள்.

அங்கேதான் வினை. விரல் சரியான இடத்தை நெருங்கினால் அவள் தலை தானாக ஆடிவிடும். போன மாதம் வந்த பதினோரு பேரும் பிரமாதமாகத் தேறினார்கள். அதில் நானும் ஒருவன். என் கண்ணின் கூர்மையைப் பற்றி வீட்டில் மூன்று நாள் அளந்தேன். நான்காம் நாள், ஆய்வை நடத்தும் பேராசிரியை சோதனைகளின் வீடியோவைப் போட்டுப் பார்த்துவிட்டார்.

"யாரும்மா படத்தைப் பார்த்தாங்க? எல்லாரும் உன் தலையைத்தான் பார்த்திருக்காங்க!"

பதினோரு பேரின் முடிவும் குப்பைக்குப் போயிற்று. என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். மாணவிக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னொரு முறை தலை ஆடினால் இந்த அறைக்கே வர வேண்டாம் என்று பேராசிரியை சொல்லிவிட்டார். "காலேஜ்ல எனக்குப் பிடிச்சதே இந்த ஒரு ரூம்தாங்க" என்றாள் என்னிடம், முடிவு செல்லாது என்று சொல்ல ஃபோன் செய்தபோது. கேட்கவே கஷ்டமாக இருந்தது.

நேற்று அந்தக் கடைசி வாய்ப்பு. சோதனை அறையைப் பார்க்கும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், பேராசிரியையிடம் கேட்டுக்கொண்டு அவருடன் நானும் இருந்தேன். வந்தவர் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். அவர் விரல் சரியான ஜன்னலுக்கு நேரே வந்து நின்றது, விலகியது, திரும்பவும் வந்தது.

"இதுவாம்மா?" என்று கெஞ்சினார்.

அவள் இரண்டு கைகளையும் தாடைக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டாள். கழுத்து நரம்பு புடைத்தது.

"நீங்களே பாருங்கய்யா."

விரல் பக்கத்து மரத்தில் போய் விழுந்தது. அவள் அசையவில்லை. நாற்பது படமும் இப்படியே போயிற்று.

ஓட்டுநர் கிளம்பியதும் பேராசிரியை உள்ளே போனார். "பதிமூணு தப்பு. இப்பதான் ஒழுங்கா ஒரு முடிவு வந்திருக்கு. நாளைக்கு மூணு பேர் வர்றாங்க. நீ வருவியா?"

கொண்டை ஊசி கழன்று தரையில் விழும்வரை அவள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.