கண்ணைச் சுருக்கியதற்கு ஒரு பெயர்

பிளஸ் டூ படிக்கும்போது, கண்ணைச் சுருக்கியதற்காக அம்மாவிடம் அடி வாங்கினேன். எங்கள் ஊரான எப்போதும்வென்றானில் பஸ்ஸுக்கு நிற்கையில், வருவது கோவில்பட்டி வண்டிதானா என்று கண்ணை இடுக்கி இடுக்கிப் போர்டைப் பார்ப்பேன். ஆம்பளைகளுக்குக் கண்ஜாடை காட்டுகிறேன் என்று உறவுக்காரர் ஒருவர் அம்மாவிடம் சொல்லிவிட்டார். எடுத்த பருத்தி மடியில் இருக்க, அம்மா காட்டிலிருந்து நேரே வீட்டுக்கு வந்தாள்.

"ஏட்டி, எவனைப் பாத்துக் கண்ணைச் சுருக்குத?"

விழுந்த அறையில் காது அடைத்துக்கொண்டது. எதற்கு அடித்தாள் என்றே புரியவில்லை. அதன் பிறகு தரையைப் பார்த்தே நின்றேன். வண்டி நின்றதும் கண்டக்டரிடம் கேட்டு ஏறினேன்.

கோவில்பட்டியில் காலேஜ் சேர்ந்த வருஷம் கண் பரிசோதனை முகாம் நடந்தது. டாக்டரம்மா என் சீட்டில் இங்கிலீஷில் 'மயோப்பியா' என்று எழுதி, கண்ணாடி போடச் சொன்னார். பக்கத்தில் இருந்த தோழி எட்டிப் பார்த்தாள். "என்னட்டி, நிமோனியா மாதிரி இருக்கு!"

பயந்துபோய் லைப்ரரிக்கு ஓடி, தடித்த அகராதியைப் புரட்டினேன். கிட்டப்பார்வை என்பதுதான் அர்த்தம். பெரிய நோய் இல்லை. மூச்சு வந்தது. அதற்குக் கீழே, சொல் பிறந்த கதையைப் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். கிரேக்கச் சொல்லாம். முன்பாதிக்கு மூடுவது என்று அர்த்தம், பின்பாதிக்குக் கண். தூரம் தெரியாதவர்கள் கண்ணைப் பாதி மூடிப் பார்ப்பதால் வந்த பெயர்.

எந்தக் காலத்திலோ, எங்கேயோ இருந்தவர்கள் என்னைப் போலவே கண்ணைச் சுருக்கியிருக்கிறார்கள். கூட இருந்தவர்கள் அதைப் பார்த்து ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். யாரும் அறையவில்லை.

வீட்டுக்குப் போய், தூரம் தெரியாமல்தான் கண்ணைச் சுருக்கினேன் என்று அம்மாவிடம் சொன்னேன்.

"இதை அன்னைக்கே சொல்லுததுக்கு என்ன?" என்றாள்.

"எல்லாருக்கும் தூரத்துல மங்கலாத்தான் தெரியும்னு நெனச்சேன்மா."

அம்மா உட்கார்ந்துவிட்டாள். சோறு வடிக்கக்கூட எழுந்திரிக்கவில்லை. அடித்ததைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த வாரமே கோவில்பட்டிக்குக் கூட்டிப்போய்க் கண்ணாடி வாங்கித் தந்தாள்.

போட்டுக்கொண்டு மெயின் ரோட்டில் இறங்கினேன். எதிர்ச்சாரியில் மனிதர்களுக்கு முகம் இருந்தது. மூக்கு, மீசை, எல்லாம். அதில் நாலைந்து பேர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பார்ப்பது தெரிந்தும் பார்வையை எடுக்கவில்லை. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"யம்மா, அவிய ஏன் என்னையப் பாக்காவ?"

அம்மா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. "எப்பவும் பாக்கதுதான். நீ குனிஞ்சு நட."

எப்போதுமா? எனக்குத்தான் தெரியவில்லையா? அப்படியே நின்றுவிட்டேன். அம்மா பத்தடி போய்த் திரும்பிப் பார்த்து, வா என்று கையை ஆட்டினாள். நான் குனியாமல் அவளை நோக்கி நடந்தேன்.