தலைமாட்டில் கருவாடு

ஆப்பிரிக்கக் காட்டில் கூடாரம் போட்டுத் தங்கும் பயணத்துக்குப் புதுச்சேரியிலிருந்து பன்னிரண்டு பேர் போனோம். என் கூடாரத்தில் எனக்கு வாய்த்தவர் பிரெஞ்சு ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற ஒரு சொல்தா. முறுக்கிய வெள்ளை மீசை, கஞ்சி போட்ட காக்கிச் சட்டை. வண்டி ஏறும்போதெல்லாம் தன்னையும் சேர்த்து எங்களைப் பன்னிரண்டு வரை பிரெஞ்சில் எண்ணுவார், ஏதோ நாங்கள் அவருடைய படை மாதிரி. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மிருகம் வரும், கூடாரத்துக்குள் தின்பண்டமே கூடாது என்று வழிகாட்டி முதல் நாளே கண்டித்துச் சொல்லியிருந்தார். மூன்றாம் நாள் விடியும்போது ஒரு கழுதைப்புலி என் தலைமாட்டில் கூடாரத் துணியைக் கிழித்து மூக்கை நுழைத்தது. நான் போட்ட கூச்சலில் ஓடிவிட்டது. தலைமாட்டில் இருந்த என் பையைத் தூக்கினால், அடியில் புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் வாங்கிய கருவாடு, செய்தித்தாளில் சுற்றி.

"இத ஏன் சார் என் பக்கம் வெச்சீங்க?"

"மொதல்ல என் பக்கந்தான் வெச்சேன் தம்பி. நாத்தம் தாங்கல."

வழிகாட்டி ஓடி வந்து யாருடையது என்று கேட்டபோது, அவர் நிதானமாக என்னைக் கைகாட்டினார்.

அன்று வண்டி கிளம்பும்போதும் எண்ணினார். பதினொன்றோடு நிறுத்தி, "எல்லாரும் ஏறியாச்சி" என்றார். நான் அவருக்கு எதிரே, கீழேதான் நின்றுகொண்டிருந்தேன்.