எங்கள் வீட்டுத் திமில்

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு திமில் இருந்தது. நாலு பக்கமும் செங்கல் சுவர், மேலே சின்னதாக ஒரு கான்கிரீட் மூடி, என் இடுப்புக்குச் சற்று மேலே வரும் உயரம். வழி கேட்டு வருகிறவர்களுக்குத் தெருக்காரர்கள் "அதோ திமில் வூடு" என்று கை காட்டிவிடுவார்கள்.

திமிலுக்குள் இருந்தது என் மனைவியின் தறியினுடைய தலை. பட்டுத்தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி உட்கார வேண்டும். பூ விழ எந்த இழை எப்போது எழ வேண்டும் என்று தூக்கிவிடுவது அதுதான். சாதாரணக் கூரை அதற்கு உயரம் போதாது. அதனாலேயே அவள் கல்யாணமான நாளிலிருந்து இரண்டு தெரு தள்ளி, இன்னொருவர் கொட்டகையில், இன்னொருவர் தறியில் நெய்துகொண்டிருந்தாள். சொந்த வீடு கட்டியபோது அவள் மார்பிள் கேட்கவில்லை, மாடுலர் கிச்சன் கேட்கவில்லை. தறி வீட்டுக்குள் வர வேண்டும் என்றாள், அவ்வளவுதான். கூரையில் ஒரு சதுரத்தை விட்டுவிட்டு, அதன்மேல் தூக்கிக் கட்டினோம். அனுமதி வாங்கிய வரைபடத்தில் அந்த இடம் வெறும் மொட்டை மாடி. மேலே ஏறி யார் பார்க்கப்போகிறார்கள் என்றார் எஞ்சினியர்.

அவர் சொன்னது பலித்தது. யாரும் ஏறவில்லை. பறந்து வந்தார்கள்.

வரி போடுவதற்காக ட்ரோன் விட்டு ஊரைப் படம் பிடித்த நாளில் தெருவே மாடியில் நின்றது. மற்றவர்கள் கைப்பிடிச் சுவரோரம் அடக்கமாக நின்றார்கள். நான் திமில்மேல் ஏறி, லுங்கியை மடித்துக் கட்டி, இரண்டு கையாலும் டாட்டா காட்டினேன். கூடவே ஒரு ஆட்டமும் போட்டதாக எதிர்வீட்டுக்காரர் சொல்கிறார். அதை மட்டும் நான் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

சில மாதங்களில் நோட்டீஸ் வந்தது. அனுமதிக்கு மாறாக மேல்தளத்தில் கட்டுமானம் எழுப்பியிருக்கிறீர்கள், பதினைந்து நாளுக்குள் அகற்ற வேண்டும், தவறினால் நாங்களே அகற்றிச் செலவை உங்களிடம் வசூலிப்போம். நான் கம்ப்யூட்டரில் சேலை டிசைன் போடுகிறவன். ஆயிரம் கட்டத்தில் ஒரு புள்ளி இடம் மாறினாலும் பிடித்துவிடும் கண் என்று ஆரணிக் கடைவீதியில் எனக்குப் பெயர். அந்தக் கண்ணால் நோட்டீஸைப் பதினொரு முறை படித்தேன்.

அப்புறம் என் வீரசாகசங்கள் ஆரம்பமாயின. முதல் நாள் திமிலை நீலத் தார்ப்பாய் போட்டு மூடினேன். வானத்திலிருந்து பார்த்தால் தெருவிலேயே நீலமாகத் தெரியும் ஒரே வஸ்து அதுதான் என்று மறுநாள் உறைத்தது. தார்ப்பாயை எடுத்துவிட்டு, மூடியின் மேல் கறுப்புப் பெயின்டில் 'தண்ணீர்த் தொட்டி' என்று கொட்டை எழுத்தில் எழுதினேன், ட்ரோன் வாசிக்க வசதியாக. எஞ்சினியருக்கு போன் போட்டேன்; எடுக்கவில்லை. நாற்பது முறை போட்டும் எடுக்கவில்லை.

எதிர்வீட்டுக்காரருக்கும் நோட்டீஸ் வந்திருந்தது. அவர் பால்கனி தெருவுக்குள் நாலடி நீட்டிக்கொண்டிருக்கிறது, அதன் நிழலில் இரண்டு பைக் நிறுத்துவார்கள். அவரிடம் போய்ப் புலம்பினேன். டீ கொடுத்தார்.

"இன்னாணா, ஊரையே கிண்டல் பண்றவரு ஒரு காயிதத்துக்கு இவ்ளோ பேஜார் ஆவறீங்க. எங்க வூட்ல நோட்டீஸ அலமாரில விரிச்சிட்டாங்க."

அவருக்குப் பயம் என்பதே தெரியவில்லை, பாவம், விவரம் இல்லாத மனுஷன் என்று இரக்கப்பட்டுக்கொண்டே டீயைக் குடித்தேன்.

ஆபீஸுக்கும் போனேன். அதிகாரி வெளியே போயிருக்கிறார், வியாழக்கிழமை வாருங்கள் என்றார்கள். வியாழக்கிழமை வரைக்கும் பொறுத்திருக்கலாம். ஆனால் செவ்வாய்க்கிழமை காலையில் தெருமுனையில் ஒரு ஜேசிபி வந்து நின்றது.

நான் வீட்டுக்குள் ஓடினேன். அவள் தறியில் இருந்தாள். சேலை பாதி ஏறியிருந்தது. இடிக்க வந்துவிட்டார்கள், அவர்கள் கை வைத்தால் வீடே போகும், நாமே இடித்துவிடலாம் என்று கத்தினேன். அவள் எழுந்து போய் வாசலில் நின்று பார்த்துவிட்டு வந்தாள்.

"அது சும்மா நின்னுகினு கீது. வியாயக்கெயம கேட்டுட்டு வந்து இடிங்க. எனக்கு நாலு நாள் குடுத்தா இந்தச் சேலைய எறக்கிடுவேன்."

வியாழக்கிழமை நமக்கு வீடே இருக்காது என்றேன். எனக்குத் தெரிந்த மேஸ்திரி கண்ணமங்கலத்திலிருந்து இரண்டு ஆளோடு பஸ் பிடித்து வந்தார். கூரையை உடைப்பதற்கு முன் பெட்டியை இறக்க வேண்டும், பெட்டியை இறக்க வேண்டுமானால் பாவை, தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய இழைகளை, அறுக்க வேண்டும். பாதிச் சேலையில் கத்தரி வைக்க நெய்கிறவர்களுக்குக் கை வராது. நான் கத்தரியை எடுத்தேன்.

"நீங்க தொடாதீங்க" என்று வாங்கிக்கொண்டாள். ஓரத்திலிருந்து ஓரம்வரை அவளே வெட்டினாள். விறைத்து நின்ற இழைகள் பிடிப்பிடியாகத் தொய்ந்து விழுந்தன. அதற்குள் தெருமுனையில் ஜேசிபி சாவகாசமாகத் திரும்பிச் சாக்கடை தோண்ட ஆரம்பித்தது. அந்தச் சத்தம் எனக்கு நன்றாகவே கேட்டது. பெட்டி இறங்கியதும் மேலே கடப்பாரைச் சத்தமும் கேட்டது. இரண்டில் ஒன்றை நிறுத்த என்னால் முடிந்திருக்கும். மேஸ்திரி முன்னால் பைத்தியக்காரனாகத் தெரிவேனே என்று பேசாமல் நின்றேன்.

வியாழக்கிழமை ஆய்வாளர் அம்மா தானே வந்தார். சின்ன வயது, கையில் டேப்லெட். அதில் எங்கள் மாடியின் படம் இருந்தது. திமில்மேல் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஒரு புள்ளி. மேலே ஏறிச் சதுரமாக இருந்த புதுச் சிமென்டைப் பார்த்தார். எங்கே அது என்றார். இடித்துவிட்டோம் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

"ஏங்க இடிச்சீங்க? திருத்தின பிளான் ஒண்ணு குடுத்து ஃபீஸ் கட்டியிருந்தா போதுமே. நோட்டீஸ்ல பின்பக்கம் போட்டிருக்குங்களே."

உள்ளே ஓடி எடுத்துப் பார்த்தேன். பின்பக்கம் முழுக்க அச்சடித்திருந்தது. முன்பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் 'பின்பக்கம் காண்க' என்றுகூட இருந்தது. பதினொரு முறையும் அதை அச்சகத்தின் பெயர் என்று நினைத்திருப்பேன்.

அப்படியானால் திரும்பக் கட்டிக்கொள்கிறோம், திருத்தின பிளானே கொடுத்துவிடுகிறோம் என்றேன். இருந்திருந்தால் சரிசெய்து கொடுத்திருக்கலாம், இல்லாததை எப்படிச் சரிசெய்வது என்றார். இனிமேல் அது புதுக் கட்டுமானம். எங்கள் தெரு அகலத்துக்கு, இப்போதைய விதிப்படி, கிடைக்காது. பிறகு என்னைச் சிமென்டுச் சதுரத்துக்குப் பக்கத்தில் நிற்கவைத்துப் போட்டோ எடுத்தார். தெருவில் நோட்டீஸை மதித்தது நீங்கள் ஒருவர்தான் சார் என்றார். இந்த முறை கையைத் தூக்கவில்லை.

எதிர்வீட்டுக்காரர் திருத்தின பிளான் கொடுத்திருந்தார். பால்கனியில் ஓரடி குறைத்துக்கொண்டால் போதும் என்றுவிட்டார்களாம். அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். நோட்டீஸை அலமாரியில் கவிழ்த்து விரித்திருந்தார்கள். பின்பக்கம் மேலே. சர்க்கரை டப்பா எடுக்கும்போதெல்லாம் வாசித்து வாசித்து அவருக்கு மனப்பாடமே ஆகியிருந்தது.

அடுத்த வாரம் எனக்கு இன்னொரு நோட்டீஸ் வந்தது. இடிபாட்டைத் தெருவில் கொட்டி வைத்ததற்கு. அதை முதலில் பின்பக்கம் திருப்பினேன். வெள்ளையாக இருந்தது.

என் மனைவி பிரித்த தறிக்கட்டைகளைச் சுவரோரம் அடுக்கினாள். எல்லாம் அடுக்கி முடித்த பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"துணின்னா ரெண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பாப்பீங்க. காயிதம்னா ஒரு பக்கம்தானா?"

 

இப்போது அவள் காலையில் டிபன் பாக்ஸ் எடுத்துக்கொண்டு அதே பழைய கொட்டகைக்குப் போகிறாள். அவள் உட்கார்ந்திருந்த பழைய தறியில் வேறு ஒரு பெண் நெய்கிறாள். இவளுக்குக் கிடைத்திருப்பது கதவோரத் தறி, வெயிலடிக்கும் இடம். நான் தறி இருந்த கூடத்தில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு டிசைன் போடுகிறேன். தலைக்கு மேலே கூரையில் ஒரு சதுரம் மட்டும் வேறு நிறம். இடம் தாராளமாகத்தான் இருக்கிறது.