வெளிநாட்டு மாணவிக்குச் சொந்த ஊர் மணப்பாறை

எனக்கு உதவித்தொகை கிடைத்த கதையைச் சொன்னால் என் பிள்ளைகள் இன்றைக்கும் நம்புவதில்லை. வாயைத் திறந்து கெடுத்துக்கொண்டு, அதே வாயால் மீட்டுக்கொண்ட கதை அது.

நான் பிறந்தது மலாயாவில், ஒரு ரப்பர் தோட்டத்தில். அப்பாவுக்குத் தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் வேலை. அறுபதுகளின் தொடக்கத்தில் திருச்சியில் ஹாஸ்டலில் தங்கி பி.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்தா ரப்பர் விலை விழ வேண்டும்! 'இனிப் பணம் அனுப்ப வழியில்லை, அடுத்த கப்பலில் வந்துவிடு' என்று அப்பா எழுதிவிட்டார். எனக்கோ கெமிஸ்ட்ரி என்றால் உயிர். பாதிப் படிப்பில் கப்பலேறுவதா? மாட்டவே மாட்டேன் என்று ஹாஸ்டலே அதிரும்படி அழுதேன்.

அப்போதுதான் வெளிநாட்டிலிருந்து வந்து படிப்பவர்களுக்கு ஓர் அரசாங்க உதவித்தொகை இருப்பது தெரிந்தது. ஆள் வெளிநாட்டவராக இருக்க வேண்டும், படிப்பு முடிந்ததும் திரும்பிப் போய்விட வேண்டும். இங்கேயே தங்கிவிடுகிறவர்களுக்குக் கிடையாது. எனக்கென்றே செய்துவைத்தது போல இருந்தது.

இன்டர்வியூவுக்குத் துணை வந்தாள் ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் என் வகுப்புத் தோழி. பெருமாள் சன்னதித் துளசியை என் பின்னலில் செருகினாள்.

"ஏண்டி, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னா? மத்ததைப் பெருமாள் பாத்துப்பார்."

கண்டோன்மென்டில் இருந்த அந்த ஆபீஸில், கண்ணாடி போட்ட அதிகாரி ஒருவர் அன்பாகத்தான் ஆரம்பித்தார்.

"சொந்த ஊர் எதும்மா?"

"மணப்பாறைப் பக்கங்க!"

யோசிக்கவே இல்லை. எங்கள் தோட்டத்தில் யாருமே தோட்டத்தைச் சொந்த ஊர் என்று சொன்னதில்லை. தாத்தா எந்த ஊரைவிட்டுக் கப்பலேறினாரோ அதுதான் ஊர். தோட்டத்திலேயே பிறந்து தலை நரைத்தவர்கூட 'நமக்கு லால்குடி', 'நமக்கு முசிறி' என்றுதான் மார்தட்டுவார்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"அப்ப நீங்க நம்ம ஊர்ப் பொண்ணு. சொந்தபந்தத்தை விட்டுட்டு எங்க திரும்பிப் போகப் போறீங்க? இது வெளிநாட்டுப் பிள்ளைங்களுக்கு உள்ளதும்மா."

நாற்காலியின் நுனிக்கே வந்துவிட்டேன்.

"சார், அந்த ஊரை நான் பாத்ததே இல்ல சார்!"

"மணப்பாறையிலேர்ந்து எந்தப் பக்கம் போகணும்?"

"தெரியாதுங்க."

"பங்காளிங்க யாராவது இருக்காங்களா?"

"தெரியாது சார்! எங்க தாத்தா போனவர் போனவர்தான், ஒரு கடுதாசி போட்டதில்ல. மணப்பாறைன்னா எனக்கு முறுக்கு மட்டும்தான் தெரியும். அம்மா, அப்பா, தம்பி எல்லாரும் தோட்டத்துலதான் இருக்காங்க. நான் படிச்சிட்டுப் போயி அங்க டீச்சராகணும் சார்!"

ஆத்திரத்தில் மேஜையைத் தட்டியே விட்டேன். பேனா உருண்டு கீழே விழுந்தது. போச்சுடா என்று நினைத்தேன். அவரோ குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"சரிம்மா, சரி. முறுக்கைத் தவிர ஒண்ணும் தெரியல. நீங்க வெளிநாடுதான், சந்தேகமே இல்ல."

பேனாவை எடுத்து என் கண்ணெதிரிலேயே சிபாரிசு எழுதிக் கையெழுத்தும் போட்டார். எப்படி வெளியே வந்தேனோ தெரியாது. வாசலில் காத்திருந்த தோழியின் கைகளைப் பிடித்துத் தட்டாமாலை சுற்றினேன். புடவை தடுக்கியது, துளசி எங்கோ பறந்தது. நான் கெமிஸ்ட்ரி படிக்கப் போகிறேன்!

கேட்டுக்கு அருகே பூ விற்ற அம்மாள் எங்களைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்னா சந்தோஷம்! எந்த ஊரு தாயி நீ?"

"மணப்பாறைப் பக்கம்!" என்று கத்தினேன்.

தோழி பதறிப்போய் அந்த ஆபீஸ் ஜன்னலைப் பார்த்தாள். அது திறந்திருந்தது. என் வாயைப் பொத்தி, பஸ் ஸ்டாப்புக்குத் தரதரவென்று இழுத்துக்கொண்டு ஓடினாள்.